ஓடுகிறது என்பதே சான்றாகுமா?

பூந்தமல்லியிலிருந்து பெங்களூர் நெடுஞ்சாலை வழியே செம்பரம்பாக்கத்தைக் கடந்து செல்வோருக்கு இப்பகுதி இரண்டு முகங்களைக் காட்டும். ஒன்று, 24 அடி ஆழமும் 3,645 மில்லியன் கன அடி கொள்ளளவும் கொண்டு சென்னை மாநகரின் தாகம் தீர்க்கும் பழம்பெரும் ஏரி. மற்றொன்று, அந்த ஏரியைச் சுற்றிலும் எழுந்து நிற்கும் ஆலைகள். 1960-களில் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலையும் அம்பத்தூரில் தொழிற்பேட்டையும் தோன்றின. 1998-இல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து கார்கள் வெளிவரத் தொடங்கின. ஏரிப் பாசனத்தை நம்பி நெல் விளைவித்த குடும்பங்களின் பிள்ளைகள் இன்று ஐ.டி.ஐ. சான்றிதழோடும் டிப்ளமாவோடும் மூன்று ஷிப்டுகளிலும் இயந்திரங்களின் முன் நிற்கிறார்கள்.

அவர்களோடு பழகும் பங்குத்தந்தைக்கு அவர்களுடைய தொழிலின் சொற்களும் மெல்ல மெல்லப் பழகிவிடுகின்றன. அப்படிப் பழகிய சொற்களுள் ஒன்றுதான் ‘பி.எல்.சி.’ இயந்திரங்களுக்குக் கட்டளையிடும் சிறு கணிப்பொறி அது. பொத்தானையும் உணர்கருவியையும் கவனித்து, மோட்டாரையும் வால்வையும் இயக்குவது அதன் பணி. அதற்குக் கட்டளை எழுதும் முறைகளுள் மிகுதியாக வழங்குவது ‘லேடர் லாஜிக்’, அதாவது ஏணித் தருக்கம். இடமும் வலமும் இரு நெடுங்கோடுகள். அவற்றை இணைக்கும் படிகள். ஒவ்வொரு படியிலும் நிபந்தனைகள், முடிவில் ஒரு செயல்.

குருமடத்தில் மெய்யியல் பயின்ற காலத்தில் தருக்கவியலும் எங்களுக்குப் பாடமாக இருந்தது. ‘இதுவும் அதுவும்’, ‘இதுவோ அதுவோ’, ‘இது இல்லையெனில்’ என்ற மூன்று சொற்களைக் கொண்டு எத்தனை பெரிய வாதத்தையும் கட்டலாம் என்று அங்கே கற்றோம். ஏணித் தருக்கத்தைத் தாளில் வரைந்து இளைஞர்கள் எனக்கு விளக்கியபோது, பழைய நண்பரை ஆலைக்குள் சந்தித்தது போன்ற மகிழ்ச்சி உண்டாயிற்று. எனினும் அந்த நண்பர் இங்கே வேறு சில பழக்கங்களையும் கற்றிருக்கிறார். அவற்றை அறியாததால் விளையும் தவறான புரிதல்கள் சில. அவை வெறும் ஏட்டுப் பிழைகளாக நின்றுவிடுவதில்லை. விரல்களையும் உயிர்களையும் தொடுகின்றன. ஆதலால் பொறியியல் அறியாத வாசகர்களும் இதனைச் சற்றே பொறுமையுடன் படிக்க வேண்டுகிறேன்.

ஏணி வந்த வழி

முன்னாளில் ஆலைகளின் கட்டுப்பாட்டுப் பெட்டிகளுக்குள் நூற்றுக்கணக்கான ரிலேக்கள் இருந்தன. மின்காந்தத்தால் திறந்து மூடும் சிறு சுவிட்சுகள் அவை. இயந்திரத்தின் வேலைமுறை மாறினால் கம்பிகளையெல்லாம் பிரித்து மீண்டும் கட்டவேண்டும். அமெரிக்க நாட்டில் புதிய கார் மாடல் வரும்போதெல்லாம் இந்தத் தொல்லை ஏற்பட்டது. ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் ஹைட்ராமாட்டிக் பிரிவு 1968-இல் இதற்கு மாற்று கேட்டது. டிக் மோர்லி என்னும் பொறியாளரும் அவருடைய குழுவினரும் உருவாக்கிய கருவி ‘மோடிகான் 084’ எனப் பெயர் பெற்றது. அவர்களுடைய நிறுவனத்தின் 84-ஆவது திட்டம் என்பதால் அந்த எண்.

கருவி புதியது, ஆனால் அதைக் கையாள வேண்டியவர்கள் பழைய மின்பணியாளர்கள். அவர்களுக்குக் கணிப்பொறி மொழி தெரியாது. ரிலே வரைபடம் தெரியும். ஆகவே அந்த வரைபடத்தின் தோற்றத்தையே புதிய கருவியின் மொழிக்கும் கொடுத்தார்கள். தொழிலாளியை மதித்துச் செய்யப்பட்ட ஏற்பாடு அது. பின்னர் 1993-இல் வெளிவந்த பன்னாட்டுத் தர நெறியிலும், இக்கருவிகளுக்கு உரிய மொழிகளுள் ஒன்றாக ஏணி இடம்பெற்றது.

ஆனால் உதவியாக வந்த அதே தோற்றமே தவறான புரிதல்களின் தாயாகவும் ஆயிற்று. பழைய படத்தைப் போலவே இருக்கிறது. ஆகையால் பழையபடியே நடக்கும் என்று மனம் எண்ணிக்கொள்கிறது. அங்கேதான் சிக்கல் தொடங்குகிறது.

ஓடுவது மின்சாரம் அன்று

ரிலே பெட்டியில் கம்பி வழியே மின்சாரம் உண்மையாகவே ஓடியது. எல்லாப் படிகளிலும் ஒரே வேளையில் ஓடியது. பி.எல்.சி.யின் ஏணியிலோ எதுவும் ஓடுவதில்லை. கணிப்பொறித் திரையில் படிகள் பச்சை நிறமாக ஒளிர்வதைக் கண்டு, மின்சாரம் பாய்கிறது என்று புதியவர்கள் எண்ணுகிறார்கள். அது ஓர் உருவகம் மட்டுமே.

உண்மையில் நடப்பதை நம்மூர் வழக்கில் சொல்கிறேன். ஏரிக்கரையைக் காக்கும் மடைக்காரர் ஒருவரை எண்ணிப் பாருங்கள். அவர் முதலில் கரை முழுவதும் ஒருமுறை நடந்து, ஒவ்வொரு மதகின் நிலையையும் குறிப்பேட்டில் எழுதிக்கொள்கிறார். பின்பு குடிசைக்குத் திரும்பி, குறிப்பேட்டைப் பார்த்து, தமக்குத் தரப்பட்ட விதிகளை மேலிருந்து கீழாக ஒவ்வொன்றாகப் படித்து, என்ன செய்யவேண்டும் என்று முடிவு செய்கிறார். இறுதியில் எழுந்துசென்று, முடிவுகளையெல்லாம் ஒருசேர நிறைவேற்றுகிறார். மறுபடியும் முதலிலிருந்து நடக்கத் தொடங்குகிறார். பெரும்பாலான பி.எல்.சி.க்கள் செய்வது இதுவே. இதனை ‘ஸ்கேன்’ என்பர். ஒரு சுற்று முடியச் சில மில்லி விநாடிகளே ஆகும். அத்துணை விரைவாக நடப்பதால், எல்லாம் ஒரே வேளையில் நடப்பதுபோல் நமக்குத் தோன்றுகிறது.

இதிலிருந்து இரண்டு உண்மைகள் பிறக்கின்றன. மடைக்காரர் குடிசையில் இருக்கும் நேரத்தில் ஒரு மதகு திறந்து மூடிவிட்டால் அவருக்கு அது தெரியவே தெரியாது. அதுபோல, ஸ்கேன் நேரத்தைக் காட்டிலும் குறுகிய ஒரு துடிப்பைப் பி.எல்.சி. காணாமலே போகலாம். வேகமாக நகரும் பட்டையில் பொருள்களை எண்ணும்போது கணக்கு குறைவதற்கு இது ஒரு காரணம். இதற்கென்றே அதிவேக எண்ணிகள் தனியே உள்ளன.

இரண்டாவது, விதிகளின் வரிசை. குருமடத் தருக்கத்தில் முன்மொழிவுகளை எந்த வரிசையில் அடுக்கினாலும் முடிவு ஒன்றே. ஏனெனில் அந்தத் தருக்கத்திற்குக் காலம் என்பது இல்லை. ஏணித் தருக்கமோ காலத்துக்குள் வாழ்கிறது. ஐந்தாம் படியில் பிறந்த முடிவை ஆறாம் படி உடனே அறியும். நான்காம் படி அடுத்த சுற்றில்தான் அறியும். படிகளை இடம் மாற்றினால், சொற்கள் மாறாமலே பொருள் மாறிவிடும்.

ஒரு மதகுக்கு இரு கட்டளைகள்

செம்பரம்பாக்கம் ஏரியில் உபரிநீரை வெளியேற்ற 19 கண் மதகும் 5 கண் மதகும் உள்ளன. அவற்றுள் ஒரு கண்ணுக்கு மட்டும், ‘திற’ என்று விதி நூலின் மூன்றாம் பக்கத்திலும், ‘மூடு’ என்று முப்பதாம் பக்கத்திலும் எழுதியிருந்தால் நமது மடைக்காரர் என்ன செய்வார்? அவர் கடைசியாகப் படித்ததையே மனத்தில் கொள்வார். மூன்றாம் பக்கத்துக் கட்டளை பிறந்து, எவரும் அறியாமலே இறந்துவிடும்.

ஏணியில் ஒரே மோட்டாருக்கு இரண்டு இடங்களில் ‘காயில்’ எழுதும் பழக்கம் இத்தகையது. கையால் இயக்குவதற்கு ஒரு படி, தானாக இயங்குவதற்கு வேறொரு படி என்று எழுதிவிடுகிறார்கள். முதற்படி திரையில் பச்சையாக ஒளிர்கிறது, மோட்டாரோ அசைவதில்லை. உடனே அவுட்புட் கார்டு பழுது என்று முடிவுகட்டி, நல்ல கார்டைக் கழற்றிப் புதியதை மாட்டுகிறார்கள். நோய் ஒன்று, மருந்து வேறொன்று. ஒரு செயலுக்கு ஒரே படி. அதற்கான காரணங்கள் எத்தனை இருப்பினும் அவற்றை அந்தப் படியிலேயே இணையாகத் திரட்டவேண்டும் என்பதே அனுபவசாலிகள் கைக்கொள்ளும் நெறி.

செம்பரம்பாக்கத்தில் 2007 முதல் இயங்கிவரும் குடிநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் நாள் ஒன்றுக்கு 53 கோடி லிட்டர் திறன் உடையது. இத்தகைய பெருநிலையங்களில் வடிகட்டிகளைக் கழுவும் வரிசை, வால்வுகள், பம்புகள் ஆகியவற்றை இவ்வகைக் கருவிகளே ஆள்வது வழக்கம். நாம் குடிக்கும் ஒரு குவளை நீருக்குப் பின்னாலும் யாரோ ஒருவர் பொறுமையுடன் எழுதிய ஏணிகள் இருக்கின்றன என்பதை நினைக்கும்போது, முகமறியா அந்த உழைப்பாளர்மீது மதிப்பு கூடுகிறது.

அறுந்த கம்பி சொல்வது

தவறான புரிதல்களுள் மிகப் பரவலானதும் மிக ஆபத்தானதும் ‘ஸ்டாப்’ பொத்தானைப் பற்றியது.

ஸ்டாப் பொத்தானை என்.சி. வகையாக, அதாவது இயல்பில் மூடிய நிலையில் அமைப்பது தொன்றுதொட்ட மரபு. அழுத்தாதபோது மின்சாரம் அதன் வழியே ஓடிக்கொண்டிருக்கும், அழுத்தினால் அறுபடும். பழைய ரிலே படத்தில் இதை மூடிய குறியாலேயே வரைந்தார்கள். புதியவர் அதைப் பார்த்து, பி.எல்.சி. ஏணியிலும் மூடிய குறியையே இடுகிறார். மோட்டார் தொடங்க மறுக்கிறது. ஏன்?

ஏனெனில் ஏணியில் உள்ள குறி பொத்தானின் படம் அன்று. அது ஒரு கேள்வி. திறந்த குறி, ‘இங்கே மின்சாரம் வருகிறதா?’ என்று கேட்கிறது. மூடிய குறி, ‘இங்கே மின்சாரம் வராமல் இருக்கிறதா?’ என்று கேட்கிறது. வெளியே உள்ள என்.சி. பொத்தானோ எப்போதும் மின்சாரத்தை அனுப்பிக்கொண்டிருக்கிறது. ஆகவே ‘வராமல் இருக்கிறதா?’ என்ற கேள்விக்கு ‘இல்லை’ என்பதே விடை, மோட்டார் தொடங்காது. வெளியே மூடிய பொத்தான் இருந்தால், ஏணியில் ‘வருகிறதா?’ என்று கேட்கும் திறந்த குறியை இடவேண்டும். கண்ணுக்கு முரணாகத் தோன்றும்; கருத்துக்கு முரணில்லை.

இதை உணராதவர் என்ன செய்கிறார்? ஏணியை மாற்றாமல் பொத்தானை மாற்றுகிறார். என்.சி. பொத்தானைக் கழற்றிவிட்டு என்.ஓ. பொத்தானைப் பொருத்துகிறார். இப்போது மோட்டார் தொடங்குகிறது. ஸ்டாப்பை அழுத்தினால் நிற்கிறது. மேற்பார்வையாளர் வந்து பார்த்து, “ஓடுதுல்ல? அப்புறம் என்ன?” என்று கூறிச் செல்கிறார்.

ஓடுகிறது, உண்மைதான். ஆனால் ஒரு நாள் எலி கடித்தோ, அதிர்வினால் திருகு தளர்ந்தோ அந்தக் கம்பி அறுந்துவிடுகிறது. பழைய அமைப்பாக இருந்தால் கம்பி அறுந்த கணமே இயந்திரம் நின்றிருக்கும். புதிய அமைப்பில் ஒன்றும் நடவாது. எவருக்கும் தெரியாது. ஒருவருடைய சட்டைக் கை உருளையில் சிக்கி, அருகிலிருப்பவர் ஓடிவந்து ஸ்டாப்பை அழுத்தும் அந்த வேளையில்தான், பொத்தான் என்றோ இறந்துவிட்டது என்பது தெரியவரும்.

வெளியூரில் வேலை பார்க்கும் மகன் நாள்தோறும் இரவில் தாய்க்குத் தொலைபேசியில் பேசுகிறான் என்று கொள்வோம். ஓர் இரவு அழைப்பு வரவில்லையென்றால் தாய் பதறுகிறாள். ‘ஏதாவது ஆபத்து என்றால் மட்டும் கூப்பிடுகிறேன்’ என்று அவன் சொல்லியிருந்தால், அவன் பேச முடியாத நிலையில் கிடக்கும் இரவிலும் அவள் நிம்மதியாக உறங்கியிருப்பாள். இயல்பில் மூடிய பொத்தான் நாள்தோறும் பேசும் மகன். ‘நான் நலம், நான் நலம்’ என்று அது இடையறாது சொல்லிக்கொண்டே இருக்கிறது. அதன் மௌனமே எச்சரிக்கை. மௌனத்தை நலம் என்று எடுத்துக்கொள்ளும்படி ஓர் இயந்திரத்தை அமைப்பது பெரும் பிழை.

இன்னொன்றும் ஈண்டுக் குறிப்பிடத்தக்கது. அவசர நிறுத்தப் பொத்தானைச் சாதாரண பி.எல்.சி.யின் ஏணியை மட்டும் நம்பி விடுவது முறையன்று. பி.எல்.சி.யே பழுதானாலும் ஆற்றலைத் துண்டிக்கும் தனிப் பாதுகாப்பு ரிலேயோ, அதற்கென்றே சான்று பெற்ற பாதுகாப்பு பி.எல்.சி.யோ இருத்தல் வேண்டும். அவசரத்தில் ஆற்றலைத் துண்டிக்கும் கருவி ஒவ்வொரு பணிக்கூடத்திலும் இருக்கவேண்டும் என்பதை 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டமே வலியுறுத்தியது. இந்தக் கடமை கணிப்பொறி வருமுன்பே நம் நாட்டில் சட்டமாகிவிட்ட ஒன்று.

இரண்டு பொத்தான்களும் இரண்டு கைகளும்

சில ஆண்டுகளுக்கு முன் மருத்துவமனையில் ஓர் இளைஞரைக் காணச் சென்றேன். வலக்கையில் பெருங்கட்டு. இரண்டு விரல்கள் இனி இல்லை. அவர் வேலை செய்த பட்டறையின் பெயர் இங்கே வேண்டாம். அப்படிப்பட்ட பட்டறைகள் பல உண்டு. தகட்டை அழுத்தி வடிவாக்கும் பவர் பிரஸ் அவருடையது. இரண்டு கைகளாலும் இரண்டு பொத்தான்களை அழுத்தினால்தான் பிரஸ் இறங்கும். அப்போது கைகள் அச்சுக்குள் இருக்க வாய்ப்பில்லை என்பது அதன் பாதுகாப்பு.

“ஒரு பட்டன்ல மரத்துண்டு செருகி வெச்சிருந்தோம், ஃபாதர். ஒரு கையால பீஸ் வைக்கலாம், ஒரு கையால அமுக்கலாம். கணக்கு சீக்கிரம் ஏறும். தப்பு என் பேர்லதான்” என்றார் அவர், யாரையும் குறைகூறாமல்.

அந்தச் சொற்கள் நெடுநாள் என்னை விட்டு அகலவில்லை. தவறு அவருடையது மட்டுமா? பிரஸ்களைப் பற்றி நன்கறிந்த ஒருவரிடம் பின்னர் இதைப் பேசியபோது, ஏணியின் மற்றொரு தவறான புரிதலை அவர் விளக்கினார். பலர், இரண்டு பொத்தான்களையும் ஒரே படியில் தொடராக வரைந்துவிட்டு, இரு கைப் பாதுகாப்பு முடிந்தது என்று எண்ணுகிறார்கள். அந்தப் படி கேட்கும் கேள்வி, ‘இரண்டிலும் மின்சாரம் வருகிறதா?’ என்பது மட்டுமே. ‘இரண்டு கைகள் இப்போதுதான் வந்தனவா?’ என்று அது கேட்பதில்லை. மரத்துண்டுக்கும் மனிதக் கைக்கும் உள்ள வேறுபாட்டை அறிய அதற்கு வழியில்லை.

முறையான அமைப்பு மேலும் இரண்டு கேள்விகளைக் கேட்கும். இரண்டு பொத்தான்களும் அரை விநாடிக்குள் ஒருசேர அழுத்தப்பட்டனவா? முந்திய அடிக்குப் பின் இரண்டுமே ஒருமுறை விடுவிக்கப்பட்டனவா? இவ்விரண்டும் இருந்தால் மரத்துண்டு பயனற்றுப் போகும். அடுத்த அடிக்கு பிரஸ் இறங்க மறுத்துவிடும். பன்னாட்டுத் தர நெறிகள் பிரஸ் போன்ற இயந்திரங்களுக்கு இதை வலியுறுத்துகின்றன. இதையும் சாதாரண ஏணியில் எழுதிவிட்டு அமைதி கொள்ளாமல், இதற்கென்றே செய்யப்பட்ட பாதுகாப்பு ரிலேயிடம் ஒப்படைப்பதே தகும்.

மரத்துண்டைச் செருகியவர் அந்த இளைஞர். ஆனால் மரத்துண்டை ஏற்றுக்கொண்டது அந்த ஏணி. அதைச் செருகத் தூண்டியது பீஸ் கணக்கு. செருகியிருப்பதைக் கண்டும் காணாமல் சென்றவர்கள் உண்டு. மனிதர் களைப்படைவர், அவசரப்படுவர், குறுக்குவழி தேடுவர் என்பதை முன்னரே எண்ணி, அந்தப் பலவீனத்திலிருந்து அவர்களைக் காப்பதற்காகவே பாதுகாப்பு அமைப்பு உள்ளது. ஒழுங்காக நடப்பவரை மட்டுமே காக்கும் பாதுகாப்பு, பாதுகாப்பே ஆகாது.

மின்சாரம் திரும்பும்போது

2012-ஆம் ஆண்டு நமது மாநிலம் கண்ட நீண்ட மின்வெட்டுகளைப் பலரும் மறந்திருக்க மாட்டார்கள். இயந்திரம் நின்ற அந்த இடைவேளையில், சிக்கிய துண்டை எடுக்கவும் துப்புரவு செய்யவும் தொழிலாளர்கள் உள்ளே கை நுழைப்பது வழக்கம். மின்சாரம் திடீரெனத் திரும்பும்.

மோட்டார் தொடர்ந்து ஓடுவதற்கு ஏணியில் இரு வழிகள் உண்டு. மோட்டார் ஓடுவதையே நிபந்தனையாக்கி அதைப் பிடித்துவைப்பது ஒன்று. மின்சாரம் போனால் அந்தப் பிடி தானே விடுபடும். ‘லாட்ச்’ என்று ஒருமுறை நினைவில் பதித்துவிடுவது மற்றொன்று. பல கருவிகளில் அந்த நினைவு மின்வெட்டையும் கடந்து நிற்கும். மின்சாரம் வந்ததும், எவரும் பொத்தானை அழுத்தாமலே இயந்திரம் சுழலத் தொடங்கும். ஓடும்போது இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். வேறுபாடு மின்சாரம் திரும்பும் அந்த ஒரு நொடியில் மட்டுமே வெளிப்படும்.

‘ஃபோர்ஸ்’ என்பதும் இத்தகையதே. பழுது பார்க்கும்போது, கதவு திறந்திருந்தாலும் மூடியிருப்பதாகக் கருவியை நம்பவைக்கும் வசதி அது. வேலை முடிந்ததும் நீக்கவேண்டும். ஷிப்டு முடியும் அவசரத்தில் மறந்துவிட்டால், அடுத்த ஷிப்டுக்காரர் காவலற்ற கதவை காவலுள்ளது என்று நம்பிக் கை வைப்பார்.

நாம் கேட்க வேண்டியவை

மேற்கண்ட பிழைகள் அனைத்துக்கும் பொதுவான ஒன்று உண்டு. இவை யாவும் இயந்திரம் நன்றாக ஓடும்போது கண்ணுக்குத் தெரியாதவை. ‘ஓடுகிறது’ என்ற ஒரு சொல்லால் நாம் எல்லாச் சோதனைகளையும் முடித்துவிடுகிறோம். ஓடுவது ஓர் இயந்திரத்தின் பாதித் தகுதியே. நிற்கவேண்டிய நேரத்தில் நிற்பது மறுபாதி. அந்த மறுபாதியை எவரும் தேடிச்சென்று சோதித்தாலன்றி அறிய இயலாது.

ஆகவே நம் பங்குகளில் சிறு பட்டறை நடத்துவோருக்கும், அங்கே பணிபுரிவோருக்கும், அவர்களின் பெற்றோருக்கும் சில கேள்விகளைத் தருகிறேன். ஸ்டாப் பொத்தானின் கம்பியைப் பாதுகாப்பான முறையில் கழற்றிப் பார்த்தீர்களா? கழற்றியதும் இயந்திரம் நிற்கிறதா? ஆளில்லாத வேளையில் மின்சாரத்தை நிறுத்தி மீண்டும் கொடுத்தால், அது தானாகத் தொடங்குகிறதா? இரு கைப் பொத்தான்களுள் ஒன்றை அழுத்தியவாறே வைத்திருந்தால், இரண்டாவது அடிக்கு பிரஸ் மறுக்கிறதா? ஷிப்டு முடியுமுன் ‘ஃபோர்ஸ்’ எல்லாம் நீக்கப்பட்டனவா என்று பார்ப்பவர் யார்? இவற்றுள் எதற்கும் பெரும் பணம் தேவையில்லை. தகுதியுள்ள ஒருவரும் அரைநாள் பொழுதும் இருந்தால் போதும்.

அந்த இளைஞர் இப்போது வேறொரு பட்டறையில் பணிபுரிகிறார். புதிதாகச் சேரும் பையன்களுக்கு அவரே முதல்நாள் பாடம் சொல்கிறார். ஒரு பொத்தானைத் தம் இடக்கையால் அழுத்தி விடாமல் பிடிக்கிறார்; தாம் அழுத்தும் அதே கணத்தில் மற்றதை அழுத்துமாறு அவர்களிடம் கூறுகிறார். முதல் அடி இறங்குகிறது. மற்றதை விட்டு மறுபடி அழுத்தச் சொல்கிறார். பிரஸ் இறங்குவதில்லை. “இது இறங்கலைன்னா நல்ல மெஷின். இறங்கிச்சுன்னா நேரா மொதலாளிகிட்ட போய்ச் சொல்லு” என்கிறார்.